மூடாக்கைத் தூக்கிக் காட்டுகிறவர்

மண்ணுக்குள்ளே எத்தனையோ பிராணிகள் குடியிருக்கின்றன. மண்புழு, மரவட்டை, பூரான், தொட்டதும் மிளகுபோலச் சுருண்டுகொள்ளும் பூச்சி, கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிற துள்ளும் பொடிசுகள். அவற்றையெல்லாம் எண்ணுவதற்குப் படித்த ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் மண்ணுக்கு மேலே, பயற்றங்காய்ப் பாத்தியின் ஓரத்தில், முழங்காலை ஊன்றி, பின்புறத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, ஒரு கையால் காய்ந்த இலைகளைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் வழியில் போகிற உங்களை "வாங்க, வாங்க, சும்மா ஒரு நிமிஷம்" என்று கூப்பிடுகிற பிராணி ஒன்று இருக்கிறது. அதை இதுவரை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அதற்கு மூடாக்குக்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

மூடாக்குக்காரர் பிறக்கும்போதே மூடாக்குக்காரராகப் பிறப்பதில்லை. நம்மைப்போல ஒழுங்காகத்தான் இருப்பார். ஒருநாள் யாரோ அவரைப் பட்டணத்துப் பயிற்சிக்கு அனுப்பிவைப்பார்கள். மத்தியானம் கோழிக்கறி போடுவார்கள், தலைக்கு ஒரு தொப்பி கொடுப்பார்கள், மண்ணை வெயிலில் நிர்வாணமாக விடக் கூடாது, இலை தழையால் மூடாக்குப் போட்டு வைத்தால் அடியில் ஆயிரம் உயிர்கள் வந்து சேரும், அவை மண்ணைப் பொலபொலவென்று ஆக்கித் தரும், அவரையும் பயறும் அதில் கொழுத்து வளரும் என்று சொல்லி அனுப்புவார்கள். சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் ஆபத்து. பொய்யைக் கற்றுக்கொண்டு வருகிறவனை இரண்டு கேள்வியில் மடக்கிவிடலாம், உண்மையைக் கற்றுக்கொண்டு வருகிறவனை என்ன செய்வது?

பெருங்கடல் தீவு ஒன்றில், சிங்காதோக்கா நதிக்கரையில், எங்கள் ஊரில் இருக்கிற மூடாக்குக்காரரின் பெயர் அபோரோசா. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். தேவாலயப் பாட்டில் அடிக்குரல் அவருடையது. அவர் மூச்சை இழுத்தால் முன்வரிசைப் பெண்களின் தொப்பி ஆடும் என்பார்கள். அந்தக் குரலோடும் புதுத் தொப்பியோடும் அவர் பட்டணத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கிய அன்றைக்கே அவர் மனைவி கெலெரா இனி என்ன ஆகுமோ என்று வாசலுக்கு வந்து நின்றாள். வந்தவர் சாப்பிட உட்காரவில்லை. நேரே வீட்டுப் பக்கத்துப் பயற்றங்காய்ப் பாத்திக்குப் போய், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளை துணியில்லாமல் நிற்பதைப் பார்ப்பதுபோல மண்ணைப் பார்த்தார்.

"பாவம்," என்றார்.

"யாருங்க பாவம்?" என்றாள் கெலெரா.

"மண்ணு."

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் கூட்டுகிறவர்கள். விடிந்ததும் வீட்டுக்கு வீடு ஈர்க்குமாறு மண்ணைக் கீறுகிற சத்தம் கேட்கும். ஈரப்பலா இலை ஒன்று முற்றத்தில் விழுந்தால் அது இரண்டாம் முறை புரள்வதற்குள் பொறுக்கிவிடுவார்கள். சாயங்காலம் ஊர் முழுக்கச் சருகுப் புகை. முற்றத்தில் சருகு கிடந்தால் அந்த வீட்டுப் பெண்பிள்ளை சோம்பேறி என்று அர்த்தம், வேறு அர்த்தமே கிடையாது. இப்படிப்பட்ட ஊரில், ஊரெல்லாம் கொளுத்துகிற சருகைத் தன் வாசலில் கொண்டுவந்து பரப்புவதற்கு ஒருவருக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்?

அபோரோசாவுக்கு இருந்தது. அவர் வீடு வீடாகப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பணிவாக, "கெரெகெரே" என்றார். அந்தச் சொல்லுக்கு எங்களிடம் மறுப்பு கிடையாது. ஒருவர் வந்து கெரெகெரே என்று கேட்டால் கோடரியோ, பன்றிக்குட்டியோ, போட்டிருக்கிற சட்டையோ, எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். இல்லை என்று சொன்னவனைப் பற்றி நாலு தலைமுறைக்குப் பேசுவார்கள். ஆனால் குப்பையைக் கெரெகெரே கேட்ட முதல் ஆள் அபோரோசாதான். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, சிரித்துக்கொண்டே மூட்டை மூட்டையாகக் கொடுத்தது. ஈரப்பலா இலை, மாவிலை, கரும்புச் சோகை, காய்ந்த புல் எல்லாம் வந்து பயற்றங்காய் வரிசைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு ஏறின.

"கெலெரா, உங்க வீட்டு விளக்குமாறு தேஞ்சுபோச்சா?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள். "எங்ககிட்ட ஒண்ணு சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கோயேன்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கெலெரா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தொம்மென்று இறக்கினாள்.

"நீங்க மண்ணை மூடினீங்க. என் மானத்தை யாரு மூடறது?"

"ஒரு மாசம் பொறு. கீழே எத்தனை குடித்தனம் வந்திருக்குன்னு பார்த்துட்டு ஊரே இங்க வந்து நிக்கும்."

வந்தன, குடித்தனங்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் இலைக்கு அடியில் மண் கறுத்தது, ஈரம் தங்கியது, புழு வந்தது, மரவட்டை வந்தது, சிலந்தி வந்தது, அவற்றைத் தின்னப் பூரான் வந்தது. பயற்றங்காய்க் கொடி கம்பைத் தாண்டிப் போயிற்று. ஒரு சாதாரண மனிதர் என்ன செய்வார்? சந்தோஷப்பட்டு, காயைப் பறித்துக் குழம்பு வைத்துச் சாப்பிடுவார். மூடாக்குக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். அவருக்குக் காய் முக்கியமில்லை. காட்டுவதுதான் முக்கியம்.

காலையில் எழுந்ததும் பாதையோர மூலையில் மண்டியிட்டு இலையைத் தூக்கிப் பார்ப்பார். யாராவது வந்தால் தூக்கிக் காட்டுவார். யாரும் வராவிட்டால், வரும்போது காட்டுவதற்கு இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்துக்கொள்வார். "இந்தா, சும்மா பாருங்க." "இது ஒண்ணை மட்டும் பார்த்துட்டுப் போயிடுங்க." "நேத்து இங்க ஒருத்தர் இருந்தார், இப்போ வெளியே போயிருக்கார்போல." பூச்சிகளை அவர், இவர் என்றுதான் சொல்வார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள், எவரும் தப்பவில்லை. ஒரு சாவு வீட்டுக்குக் கிளம்பி, இடுப்பில் வெள்ளை சூலுத் துணி சுற்றி, வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன போதகரையே மண்டியிட வைத்து ஒரு மரவட்டையை அறிமுகம் செய்துவைத்தார். போதகர் முழங்காலில் சேற்றோடு போய் ஜெபம் பண்ணினார். இவர் வழியிலேயே ஜெபம் பண்ணிவிட்டார் என்று சாவு வீட்டார் மெச்சிக்கொண்டார்கள்.

சாயங்காலம் கிறக்கம் தரும் யங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்து வைத்துச் சுற்றி உட்கார்ந்தால், முதல் சிரட்டை தொண்டையில் இறங்குவதற்குள் பேச்சு மண்ணுக்குள் இறங்கிவிடும். அரசியல் பேசினால் "அதுக்கும் அடிமண்ணுதான் காரணம்" என்பார். கால்பந்து பேசினால் "மைதானத்து மண்ணு செத்துப்போச்சு" என்பார். கூட்டம் சிரட்டையைச் சீக்கிரம் சீக்கிரமாகக் காலி செய்யும்.

அந்தப் பாத்தியில் இலையைக் கிளறிய இன்னொரு ஜீவன் கெலெராவின் சிவப்புக் கோழி. கெலெரா வாசலில் ஒரு குச்சி வைத்திருந்தாள். சமையலறைக்குப் பின்னால் இருந்த கடைசி வரிசைப் பக்கம் கோழி வந்தாலும் அந்தக் குச்சிதான், புருஷன் வந்தாலும் அந்தக் குச்சிதான்.

"முன்னாடி என்னமோ பண்ணிக்கோங்க. இந்த ஒரு வரிசையில கை வச்சீங்க, சோறு கிடையாது."

"உனக்கு விஞ்ஞானம் தெரியாது, கெலெரா."

"எனக்குச் சோறு மூடி வேக வைக்கத் தெரியும். நீங்க தள்ளிப் போங்க."

இந்த இடத்தில் பெனையா வருகிறான். அபோரோசாவின் அத்தை மகன். எங்கள் ஊரில் மாமன் மக்களும் அத்தை மக்களும் ஒருவரை ஒருவர் கேலி செய்யாவிட்டால்தான் ஏதோ மனஸ்தாபம் என்று நினைப்பார்கள். எதிர்வீடு. அவனுக்கும் ஒரு பயற்றங்காய்ப் பாத்தி உண்டு, ஒரு சருகு இல்லாமல் கூட்டித் துடைத்து வைத்திருப்பான். மற்ற நேரமெல்லாம் தூண்டிலோடு நதியில்.

பெனையா ஒருநாள் வந்து குனிந்து, அபோரோசா தூக்கிப் பிடித்த இலைக்கு அடியில் வெகுநேரம் பார்த்தான். இத்தனை கவனமாக யாரும் பார்த்ததில்லை. அபோரோசாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கொழுத்த புழு, மச்சான்," என்றான் பெனையா, உணர்ச்சியோடு.

"சொன்னேனா இல்லையா?"

மறுநாள் காலையில் பெனையா காலி மீன் டப்பா ஒன்றோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"கெரெகெரே, மச்சான். தூண்டிலுக்கு நாலு புழு."

என்ன செய்வார்? கொடுத்தார். பெனையா அன்றைக்குப் பெரிய பெரிய மீனாக ஏழு பிடித்தான். மீன் வாசனை ஊருக்குள் பரவியது, எந்தப் புழு என்கிற செய்தியும் பரவியது. அடுத்த நாள் நாலு டப்பா. அதற்கடுத்த நாள் ஒன்பது. வந்தவர்கள் எல்லாரும் அவர் குப்பை கேட்டபோது சிரித்துக்கொண்டே கொடுத்தவர்கள், முகத்தைத் திருப்ப முடியுமா? நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? ஊமையாக இருந்திருந்தால் அவர் புழுக்கள் பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

"யாருக்கும் தெரியாம இருந்தா யாரு கேட்கப் போறாங்க?" என்றாள் கெலெரா.

"தெரியாம இருந்தா அப்புறம் எதுக்கு?" என்று கேட்டார் அபோரோசா. அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

இதற்கிடையில் சுத்தமான ஊருக்குப் பரிசு கொடுக்க ஆட்கள் பார்வையிட வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. ஊர்த்தலைவர் விலியாமே கூட்டம் போட்டார். வேலி கட்ட வேண்டும், கால்வாய் தூர்வார வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அபோரோசா, அந்தக் குப்பை," என்றார்.

குப்பை என்ற சொல் அபோரோசாவின் நெஞ்சில் தைத்தது. யங்கோனாவும் இரண்டு சிரட்டை உள்ளே போயிருந்தது. அவர் எழுந்து நின்றே பேசிவிட்டார். தலைவர் உட்கார்ந்திருக்கும்போது யாரும் எழுந்து நிற்பதில்லை.

"தலைவரே, அது குப்பையில்ல. வெள்ளிக்கிழமை விவசாய ஆபீஸிலிருந்து மிஸ் ஆஷிகா வர்றாங்க. என் பாத்தியில ஒரு குழி, பெனையாவோட மொட்டைப் பாத்தியில ஒரு குழி. அவங்க எண்ணட்டும். என் இலைக்குக் கீழே உசிரு வகை கம்மியா இருந்தா, இலை மொத்தத்தையும் வாரி என் கையாலேயே கொளுத்தறேன். ஜாஸ்தியா இருந்தா, இந்த ஊர்ல இனி யாரும் சருகைக் கொளுத்தக் கூடாது."

தலைவர் எல்லார் முகத்தையும் பார்த்தார். "சொன்னது சொன்னதுதான்," என்றார். பெனையா ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அபோரோசா யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மிஸ் ஆஷிகா பட்டணத்துப் பெண், கணுக்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் வெள்ளைத் தட்டு, சின்ன மண்வெட்டி. இடத்தை அவரவரே காட்டலாம் என்றாள். அபோரோசா கொஞ்சமும் தயங்காமல் பாதையோர மூலைக்கு நடந்தார். அவருக்குத் தெரிந்த இடம் அதுதானே. நூறு பேருக்குக் காட்டிய இடம். தினமும் மூன்று வேளை தூக்கித் தூக்கி வெயிலைக் காட்டிய இடம். டப்பாக்காரர்கள் எல்லாரும் கை விட்ட இடம்.

மிஸ் ஆஷிகா மண்ணை வெட்டித் தட்டில் கொட்டி, விரலால் பரப்பினாள். ஊர் முழுக்கக் குனிந்தது.

"எறும்பு," என்றாள். இன்னும் பரப்பினாள். "எறும்பு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுவும் அதே எறும்புதான்."

"அந்தா, வண்டு," என்றார் அபோரோசா, விரலை நீட்டி.

"அது வெறும் கூடு, அங்கிள். செத்துப்போனதைச் சேர்க்க முடியாதே."

அபோரோசா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையிலேயே பாவமாக இருந்தது. போதகர்கூடச் சிரிக்கவில்லை.

பெனையாவின் பாத்திக்குப் போனார்கள். கண்ணாடிபோலக் கூட்டி வைத்திருந்தான். அவன் நேரே வாழை மரத்தடி மூலைக்குப் போய், அங்கே கிடந்த ஈரச் சாக்கை நகர்த்திவிட்டு, அடியில் இருந்த பழைய மாவிலைகளையும் ஒதுக்கிவிட்டு, "இங்க வெட்டுங்க, மிஸ்," என்றான் அடக்கமாக.

தட்டில் விழுந்தது நெளிந்தது, ஊர்ந்தது, துள்ளியது. மண்புழு. மரவட்டை. சுருண்டுகொள்ளும் பூச்சி. இடுக்கிவால் பூச்சி. வெள்ளையாக வண்டுப்புழு. மிஸ் ஆஷிகா ஒன்பது வகை வரை எண்ணிவிட்டு, சாக்கைக் காட்டி, "இது என்ன?" என்றாள்.

"தூண்டிலுக்கு வாங்கின புழுவுல மிச்சமானதை இங்க விட்டுவைப்பேன்," என்றான் பெனையா. "வெயில் பட்டா செத்துடும்ல. அதான் இலையைப் போட்டு, மேல சாக்கு. நான் தொடறதே இல்ல, எப்பவாவதுதான் எடுப்பேன்."

"இதுக்குப் பேருதாங்க மூடாக்கு," என்றாள் மிஸ் ஆஷிகா.

கொஞ்ச நேரம் யாருக்கும் எப்படிச் சிரிப்பது என்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பெனையாவே வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூடாக்கு ஜெயித்துவிட்டது, மூடாக்குக்காரர் தோற்றுவிட்டார்.

ஆனால் சொன்னது சொன்னதுதான். "உன் இலைக்குக் கீழேன்னுதான் நீ சொன்னே," என்றார் விலியாமே, கொஞ்சம் வருத்தத்தோடேதான். யாரோ தீப்பெட்டியைக் கொடுத்தார்கள். அபோரோசா அதை வாங்கிக்கொண்டு தன் பாத்திக்கு வந்தார். ஒரு குச்சி உடைந்தது. இன்னொன்றை எடுத்தார்.

கெலெரா சமையலறையிலிருந்து வந்தாள். ஊர் நடுவே, தலைவருக்கு எதிரே, தரையில் உட்கார்ந்து சூலுவை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள்.

"தலைவரே, கெரெகெரே."

"என்ன வேணும்மா?"

"இந்தச் சருகு."

விலியாமே கையை நீட்டி அபோரோசாவிடமிருந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

"உனக்கு எதுக்கு இது?"

"பின்னாடி வரிசையில இந்த வெயிலுக்கு நான் ஒரு குடம் தண்ணி ஊத்தல, கொடி வாடவே இல்ல. ஊர்ல எல்லாரும் என் விளக்குமாத்தைப் பத்தித்தான் கேட்டாங்க, காயைப் பத்தி யாரும் கேட்கல. ஓரத்துல மூங்கில் வச்சுக் கட்டிடறேன், பாக்க வர்றவங்களுக்குத் தோட்டமாத் தெரியும்." அவள் புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கை தீக்குச்சியைக் கிழிப்பதை அவளால் பார்க்க முடியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மிஸ் ஆஷிகா பின்வரிசையில் ஒரு குழி வெட்டிப் பார்க்கலாமா என்று ஆசையாகக் கேட்டாள். கெலெரா குச்சியை எடுத்தாள்.

அன்றிலிருந்து சருகு கெலெராவுடையது. அபோரோசா பாத்தி ஓரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார், வருவார். எதிர்வீட்டில் பெனையா சாக்கைத் தூக்கிப் பிடித்துப் போகிறவர் வருகிறவரை எல்லாம் "சும்மா ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான். நோய் எதிர்வீட்டுக்குத் தாவிவிட்டது. இதைப் பார்த்துப் பார்த்து அபோரோசாவுக்கு உடம்பு இளைத்தது. கடைசியில் ஒருநாள் சமையலறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கெரெகெரே, கெலெரா. ஒரே ஒரு தடவை. பின்வரிசை."

அவள் குச்சியை ஓரமாக வைத்தாள். மறுக்க முடியாது, சொல் அப்படி.

"பாருங்க. பார்த்துட்டு மூடிடணும். அப்புறம் எனக்கும் ஒரு கெரெகெரே இருக்கு."

"என்னது?"

"பார்த்ததை யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

அபோரோசா மண்டியிட்டு இலையைத் தூக்கினார். நடுவிரல் நீளத்துக்கு மின்னுகிற நீலப் புழு ஒன்று அவரைப் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே போயிற்று. அதன் பின்னால் என்னென்னவோ. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு மண்ணைப் பார்த்ததில்லை. இலையை மூடினார். வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு யங்கோனாச் சுற்றில் அவர் வாயே திறக்கவில்லை, உடம்புக்கு என்ன என்று எல்லாரும் விசாரித்தார்கள்.

கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை, என்னைத் தவிர. நானும் யாரிடமும் சொல்லவில்லை, உங்களைத் தவிர.

நீங்கள் எப்படி? உங்களிடம் சருகு இல்லை, பயற்றங்காய் இல்லை, அதனால் தப்பித்தீர்கள் என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒரு மாமா ஞாபகத்துக்கு வந்திருப்பார், அல்லது அலுவலகத்தில் ஒருவர். அவரைக் கூப்பிட்டு, "இந்தா, இது ஒண்ணை மட்டும் பார்த்துட்டுப் போயிடுங்க" என்று இந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும்போலக் கை துறுதுறுக்கிறதா?

மூடி வையுங்கள்.